அறலும் சுருளும்

நீண்ட கூந்தலைச் சூடான இரும்பில் சுற்றி அலையலையாக்கிக்கொள்ளும் வழக்கம் அருப்புக்கோட்டைப் பக்கமும் வந்துவிட்டது. மேலைநாட்டு மோகம் என்று முகம் சுளிப்போர் உண்டு. முறை மேலைநாட்டினுடையதுதான், பாரிசின் மார்செல் கிராத்தோ 1872-இல் உருவாக்கியது. விருப்பமோ நம்முடையது. 'ஐம்பால்' என்ற சொல்லுக்குப் பொருள் கண்ட உரையாசிரியர்கள், கூந்தலின் ஐந்து ஒப்பனைகளுள் சுருளையும் எண்ணினர்.

சங்கப் புலவர்கள் நெளிந்த கூந்தலுக்கு அறலை உவமையாக்கினர். வெள்ளம் வடிந்தபின் நீர் வரைந்துவிட்டுப் போகும் கருமணல் வரிகளே அறல். திருச்சுழிக் குண்டாற்றில் அதைக் காட்டலாமென்றால், படுகையெங்கும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வகுப்பில் அறல் என்றதும் மாணவியர் விழிக்கிறார்கள். இரும்பில் சுருட்டிய கூந்தலின் நெளிவு என்றதும் புரிந்துகொள்கிறார்கள். அன்று ஆற்றைக் காட்டிக் கூந்தலைச் சொன்னார்கள். இன்று கூந்தலைக் காட்டி ஆற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெப்பத்தால் இடம் மாறிய ஹைட்ரஜன் பிணைப்புகள் தலைநீராடியதும் பழைய நிலைக்குத் திரும்பும். கூந்தலின் அலை நீங்கிவிடும். ஆற்றின் அலையோ நீர் வந்தால்தான் உண்டாகும். ஆகவே பண்பாட்டுக் கவலை கொள்வோர் பெண்களின் தலையை விட்டுவிட்டுக் குண்டாற்றின் படுகையைப் பார்க்கட்டும். முள்ளை வேரோடு அகற்றி நீருக்கு வழிவிடுவதும் தமிழ்ப்பணியே.