வழி நேரம் யார் கணக்கில்?

தொழிலாளிகளுக்கு இலவசமாக வேன் விடுகிறோம் என்று கொங்குச் சீமையின் மில் முதலாளிகள் மார்தட்டிக்கொள்கிறார்கள். டீசல் செலவைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போகிறார்கள். என்னே தரும சிந்தனை! இந்தத் தருமத்தை நாம் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

ஒரு காலத்தில் கோவையில் ஆலைச் சங்கு ஊதினால் தொழிலாளி நடந்தே போய்ச் சேர்ந்தான். ஆலையைச் சுற்றித்தான் அவன் குடியிருப்பு. இன்றைய நூற்பாலைகளில் பெரும்பகுதி பல்லடம், அவினாசி, வேடசந்தூர் என்று ஊருக்கு வெளியே கிடக்கின்றன. அங்கே போய்க் கட்டச் சொன்னது தொழிலாளியா? நிலம் மலிவு, சங்கத்தின் தொல்லை இல்லை என்று முதலாளியே தேடிக்கொண்ட இடம் அது. அத்துவானத்தில் ஆலையைக் கட்டியவன் ஆளைக் கொண்டு வந்துதானே ஆக வேண்டும்? பஞ்சு மூட்டையையும் அவன் லாரி வைத்துத்தான் கொண்டு வருகிறான். பஞ்சுக்கு இலவசப் பிரயாணம் கொடுத்தேன் என்று யாரிடமாவது பெருமை பேசுகிறானா?

கணக்குப் போட்டுப் பாருங்கள், தோழர்களே. காலை 6 மணி ஷிப்டுக்கு 4.30 மணிக்கே வேன் ஏறுகிற தொழிலாளி, 2 மணிக்கு ஷிப்ட் முடிந்து வீடு சேரும்போது 3.30 ஆகிறது. எட்டு மணி நேர வேலை பதினோரு மணி நேரமாகி விட்டது. தினம் 3 மணி நேரம் வீதம் 26 நாளைக்கு 78 மணி நேரம். பத்து ஷிப்டுக்கு இரண்டு மணி நேரம்தான் குறைவு! இதற்குச் சம்பளம் ஒரு காசு கிடையாது.

அதோடு போயிற்றா? அரை நைட் முடிந்த பிறகு இன்னும் நாலு மணி நேரம் நிற்கச் சொல்கிறான் சூப்பர்வைசர். முடியாது என்று சொல்லி எங்கே போவது? வேன் கிளம்பாது, பஸ்ஸும் கிடையாது. கேட்டிலிருந்து வேன், வேனிலிருந்து வீடு. சங்கக் கூட்டத்துக்கு ஒரு எட்டு எட்டிப் பார்க்கக்கூட இடைவெளி இல்லை. வேனின் சாவி யார் கையிலோ, தொழிலாளியின் இரவும் பகலும் அவன் கையில்தான்.

பெண்களின் இரவு வேலை விஷயத்தில் வேன் என்பது தயவே அல்ல. பெண்களை இரவு ஷிப்டில் வைக்கக் கூடாது என்ற பழைய விதியை 2000ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தபோது, சும்மா ரத்து செய்யவில்லை. போக்குவரத்து வசதி செய்து தர வேண்டும், பாதுகாப்பு தர வேண்டும் என்று நிபந்தனைகள் போட்டது. நீதிமன்றம் கடமை என்றதை முதலாளி தானம் என்கிறான்.

வழியில் விபத்து நடந்தால் கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்று கை கழுவுவதும் வழக்கமாகி விட்டது. இதுவும் புளுகு. வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்புடையதாக இருந்தால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்படும் என்று ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010லேயே சேர்க்கப்பட்டது. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவல்காரர் இரவு வேலைக்குப் போகும் வழியில் இறந்த வழக்கில், தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்துக்கும் இது பொருந்தும் என்று 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இது இருக்கிறது. ஆலை ஆபீசில் இதையெல்லாம் எழுதி ஒட்ட மாட்டார்கள். நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆலைத் தொழிலாளிக்கு இந்த அளவாவது உண்டு. விவசாயத் தொழிலாளிக்கு?

மஞ்சள் வெட்டுக்கும் வெங்காய அறுப்புக்கும் போகிற பெண்களைக் குட்டியானை வண்டியில் நிற்க வைத்து ஏற்றுகிறார்கள். மூட்டை ஏற்றுகிற வண்டி அது. பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் நிற்பவளின் தோள்தான் உண்டு. வண்டி கவிழ்ந்தால் மறுநாள் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன? அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதே காரணமாம்! உத்தியோகஸ்தர்கள் நாலு நாள் ரோட்டில் நின்று டிரைவருக்கு அபராதம் போடுகிறார்கள். அந்தப் பெண்கள் ஆசைப்பட்டா ஏறினார்கள்? காலை 6 மணிக்குத் தோட்டத்தில் நிற்க வேண்டும். ஊருக்கு முதல் பஸ்ஸே 8 மணிக்கு என்றால் எதில் போவது? இதைக் கேட்க ஒரு பத்திரிகைக்கும் நா எழவில்லை.

கொடுமை இங்கேயும் முடியவில்லை. சரக்கு வண்டியில் ஏறிச் சென்றவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002லேயே உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. செத்தவளின் குடும்பம் வண்டிக்காரனைத்தான் பிடிக்க வேண்டும். அவனோ வண்டிக் கடனுக்குத் தவணை கட்டத் தடுமாறுகிறவன். ஆளைக் கூப்பிட்ட மேஸ்திரியும் தோட்டக்காரரும் எந்தக் காகிதத்திலும் இல்லை!

பஸ் விடச் சொன்னால் ரூட் நஷ்டம் என்கிறார்கள். 1972ல் தனியார் பஸ்களை எடுத்துக்கொண்டு சர்க்கார் போக்குவரத்துக் கழகங்களை அமைத்தது நஷ்டமில்லாத ரூட்டுக்கு மட்டுமா? 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நல்ல காரியம், கூலியில் கொஞ்சம் மிச்சமாயிற்று. ஆனால் பஸ்ஸே வராத ஊரில் எதை இலவசம் என்பது? 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தில் பர்மிட் தனியாருக்குத்தான். தோட்ட வேலைக்கும் முழு நைட் ஷிப்டுக்கும் ஆள் ஏற்ற அவர்கள் வண்டி எடுப்பார்களா என்று நாம் கேட்கிறோம்.

ரயிலைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2020ல் கொள்ளைநோயைச் சாக்கிட்டுப் பாசஞ்சர் ரயிலுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றி, குறைந்த கட்டணம் 10 ரூபாயை 30 ஆக்கினார்கள். வண்டி அதே வண்டி, நிற்பதும் அதே ஸ்டேஷன்கள். 2024 பிப்ரவரியில்தான், தேர்தல் வாசலில் வந்து நின்ற பிறகு, பழைய 10 ரூபாய் திரும்பி வந்தது.

மே 1ஆம் தேதியும் ஆகஸ்ட் 15ஆம் தேதியும் கிராம சபை கூடுகிறது. பஸ் வேண்டும் என்று பொதுவாக எழுதிக் கொடுத்தால் குப்பைக்குத்தான் போகும். எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள் என்று கணக்கெடுத்துத் தீர்மானம் போடுங்கள். ஆலைத் தோழர்கள் வேன் ஏறிய நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் ஒரு மாதம் நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் அந்த நோட்டுகளை மேஜை மேல் வைத்துத்தான் பேசப் போகிறோம்.