தலையெழுத்தா? குமாஸ்தாவின் கையெழுத்தா?

பட்டாளத்தில் பதினைந்து வருஷம், இருபது வருஷம் உழைத்து, சண்டைக்கும் போய் உயிரோடு திரும்பி வந்த ஒரு மனிதனுடைய சர்வீஸ் புஸ்தகத்தில், அவனுக்குச் சேரவேண்டிய மெடல்களை எழுதும் இடம் மாத்திரம் வெறுமையாய் இருக்குமானால் அதற்கு யார் பொறுப்பாளி? கடவுளா? கிரகமா? அல்லது பூர்வ ஜன்மத்தில் அவன் செய்த பாவமா? எழுத வேண்டிய ஒரு குமாஸ்தா எழுதவில்லை என்பதைத் தவிர இதில் வேறு தேவரகசியம் எதுவும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. ஆனால் நீலகிரியில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கத்து ஊர்களிலிருக்கும் பழைய சிப்பாய்களைக் கேட்டால் கையை நெற்றியில் வைத்துக் காட்டுகிறார்கள். ஒரு குமாஸ்தா செய்த பிழைக்குப் பிரம்மாவின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பிரம்மாவுக்கு இதனால் நஷ்டமொன்றுமில்லை. குமாஸ்தாவுக்குத்தான் லாபம்.

குன்னூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்து டீக்கடை ஒன்றில் அப்படிப்பட்ட ஒரு பெரியவரைக் கண்டோம். வயது எழுபத்தைந்துக்கு மேலிருக்கும். 1971ஆம் வருஷத்துச் சண்டையில் கிழக்கு எல்லையில் இருந்தவர். அந்தச் சண்டைக்காகச் சர்க்கார் பூர்வி ஸ்டார் என்றும், சங்கிராம் மெடல் என்றும் ஏற்படுத்தியது. கூட இருந்தவர்களுக்கெல்லாம் வந்தது. இவருக்கு மெடலும் வரவில்லை, புஸ்தகத்திலும் ஏறவில்லை. எந்த ஆபீசில் விட்டுப்போயிற்று என்பது இங்கே முக்கியமல்ல. "ஒரு மனுவாவது எழுதிப் போட்டீர்களா?" என்று கேட்டோம். "நாமளே போய்க் கேட்டா நல்லாவா இருக்கும் ஐயா? குடுக்கிறவங்களாப் பார்த்துக் குடுத்தாத்தானே மரியாதை. நம்ம தலையெழுத்து அவ்வளவுதான்" என்றார்.

சரி, யாரையுமே கேட்கவில்லையா என்றால் அப்படியும் இல்லை. அவருடைய வீட்டம்மாள் தந்தி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு வருஷா வருஷம் தேங்காய் உடைத்து வருகிறாராம். தந்தி என்று பேர் வைத்துக்கொண்டிருக்கிற அந்த அம்மன்கூட இந்த ஐம்பது வருஷத்தில் ரிக்கார்டு ஆபீசுக்கு ஒரு தந்தி கொடுத்ததாகக் காணோம். இனிமேல் கொடுப்பதற்கும் வழியில்லை. 2013ஆம் வருஷம் ஜூலையில் சர்க்கார் தந்தியையே நிறுத்திவிட்டது.

நிற்க, ஒரு சிப்பாயின் மெடல் காகிதத்தில் எப்படி ஏறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் தலையெழுத்துப் பேச்சு தானாகவே ஓடிப்போகும். பட்டாளத்தில் சேர்ந்தவுடன் அவன் பேருக்கு ஷீட் ரோல் என்று ஒரு காகிதம் திறக்கப்படுகிறது. அதற்குப் பிறகு அவனுடைய லீவு, கல்யாணம், பிள்ளைப்பேறு, பிரமோஷன், தண்டனை, மெடல் ஆகிய எல்லாவற்றையும் அவனிருக்கும் யூனிட்டு 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவாகப் போட்டு, அந்த ரெஜிமெண்டின் ரிக்கார்டு ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். மதராஸ் ரெஜிமெண்டுக்காரர்களுக்கு அந்த ஆபீசு நமது வெலிங்டனிலேயே இருக்கிறது. மதராஸ் சாப்பர்ஸ் ஆட்களுக்குப் பெங்களூரில் இருக்கிறது. அங்கேயுள்ளவர்கள் அந்த உத்தரவைப் பார்த்து ஷீட் ரோலில் பதிய வேண்டும். வேலையை விட்டு வெளியே வரும்போது அந்த ஷீட் ரோலைப் பார்த்துத்தான் டிஸ்சார்ஜ் புஸ்தகம் எழுதுகிறார்கள். ஆகவே ஒரு மெடல் புஸ்தகத்தில் ஏறுவதற்குள் மூன்று நான்கு பேருடைய கைகளைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது. இதில் ஒரு கை சோம்பினாலும் போதும், மெடல் மறைந்துவிடும். சண்டை நேரத்தில் ஒரு யூனிட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டவனை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய யூனிட்டு, புதியது எழுதும் என்று விட்டுவிடுகிறது. புதிய யூனிட்டு, பழையது எழுதியிருக்கும் என்று விட்டுவிடுகிறது. குண்டடி பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவன் கதியும் இதுதான். இதில் சனி பகவான் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்கிறோம்.

தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு இதை நாம் விளக்கவேண்டியதே இல்லை. 1964ஆம் வருஷத்து ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டுக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் வந்து குடியேறியவர்களைக் கேளுங்கள். அங்கே 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி, 'அரைப்பேர்' என்றால் அரை நாள் கூலி. பொழுதெல்லாம் மழையில் நனைந்து கொழுந்து பறித்தாலும், செக்ரோலில் பேர் விழாவிட்டால் அவள் அன்றைக்கு உழைக்கவே இல்லை என்றுதான் கணக்கு. ஆனால் அந்தத் தொழிலாளிகள் அதைத் தலையெழுத்து என்று விட்டுவிட்டார்களா? கணக்கப்பிள்ளையிடம் சண்டை பிடித்தார்கள், சங்கம் வைத்தார்கள். துப்பாக்கி பிடித்த ஆண்பிள்ளைக்கு வராத தைரியம் கூடை சுமந்த பெண்பிள்ளைக்கு வந்திருக்கிறது.

பேர் விஷயம் இன்னும் வேடிக்கையானது. நம்மவர்களுக்குத் தகப்பன் பேரின் முதலெழுத்தும் சொந்தப் பேரும்தான் உண்டு. வடநாட்டாரைப்போல் பின்னால் தொங்கும் வால் கிடையாது. ஜாதி வாலை வெட்டியெறிந்தது நமக்குப் பெருமைதான். அதற்காக மெடலையும் சேர்த்து வெட்டிவிட வேண்டுமா? உதாரணமாக, ஒரு ஜாபிதாவில் ஆர். போஜன் என்றிருக்கும். இன்னொன்றில் போஜன் ராஜு என்றிருக்கும். மூன்றாவதில் இங்கிலீஷ் எழுத்து ஒன்று கூடிப் போஜ்ஜன் ஆகிவிடும். மூன்றும் ஒரே ஆள் என்று சொல்லுவது அவனுடைய பட்டாள நம்பர் ஒன்றுதான். இப்போது பென்ஷன் கணக்கை எல்லாம் 'ஸ்பர்ஷ்' என்ற பேரில் கம்ப்யூட்டருக்கு மாற்றியிருக்கிறார்கள். வடமொழியில் அதற்குத் தொடுதல் என்று அர்த்தம். கம்ப்யூட்டர் வந்துவிட்டால் பிழை தீர்ந்துவிடும் என்று நம்புவதும் ஒருவிதமான பக்திதான். பழைய புஸ்தகத்துப் பிழையைப் பார்த்து அடித்தால் அதே பிழைதான் புதிதாக ஏறும்.

இதெல்லாம் ஏழைச் சிப்பாயின் கதி, பெரிய மனிதர்களுக்கு எல்லாம் ஒழுங்காய் நடந்துவிடுகிறது என்றும் நினைத்துவிட வேண்டாம். 1971ஆம் வருஷத்துச் சண்டையில் தரைப்படைக்குத் தலைவராயிருந்த மானெக்ஷா 1973 ஜனவரியில் பீல்டு மார்ஷல் ஆக்கப்பட்டார். பீல்டு மார்ஷலுக்கு ரிட்டயர் கிடையாது. சாகும்வரை முழுச் சம்பளம் என்பது முறை. அவர் குடியிருந்ததோ குன்னூரில், வெலிங்டன் பட்டாளத்துக்குச் சில மைல் தூரத்தில். அப்பேர்ப்பட்டவருக்குச் சேரவேண்டிய சம்பளப் பாக்கி 34 வருஷங்கள் கழித்து 2007ல்தான் வந்து சேர்ந்தது. அந்த வருஷம் ஜனாதிபதி அப்துல் கலாம் வெலிங்டன் ஆஸ்பத்திரியில் அவரை நேரில் வந்து பார்த்துப் போனார். ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்குச் செக்கும் அந்த வருஷமே வந்தது. அடுத்த வருஷம், 2008 ஜூன் 27ந் தேதி, அதே ஆஸ்பத்திரியில் 94ஆவது வயதில் அவர் காலமானார். இது மெடல் விஷயமல்ல, சம்பள விஷயம்தான். ஆனாலும் வியாதி ஒன்றே. குற்றம் அவருடைய ஜாதகத்தில் இருந்திருக்குமானால், டில்லியில் ஒருவர் பேனாவை எடுத்தவுடன் ஜாதகம் எப்படித் திருந்திற்று? ஜனாதிபதி வந்து பார்க்காத சிப்பாய்க்கு யார் பேனாவை எடுப்பது?

"சுயமரியாதைக்காரனுக்கு மெடல் எதற்கு? மார்பில் குத்திக்கொள்ளுகிற உலோகத் துண்டுக்கும் மார்பில் தொங்குகிற பூணூலுக்கும் என்ன வித்தியாசம்?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. பூணூல் இன்னார் வயிற்றில் பிறந்தான் என்பதற்காகப் போடப்படுகிறது. மெடல் இன்ன வருஷம், இன்ன இடத்தில், இன்ன காரியம் செய்தான் என்பதற்குக் கொடுக்கப்படும் ரசீது. சண்டை நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி. அதைச் சண்டைக்கு அனுப்பியவர்களிடம் கேட்க வேண்டும், போனவனிடமல்ல. வாங்கின மெடலை ஒருவன் கிணற்றில் போட்டால் அது அவன் இஷ்டம். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமலிருப்பது சர்க்காருடைய இஷ்டமல்ல.

மேலும் சில மெடல்கள் வெறும் ரிப்பனும் அல்ல. சண்டையில் கலந்துகொண்டதற்காகக் கொடுக்கும் மெடலுக்கு மாதப்படி இல்லை என்பது வாஸ்தவம். வீரச் செயலுக்கான மெடல்களுக்கு உண்டு. 2017 ஆகஸ்டு முதல் பரம வீர சக்கரத்துக்கு மாதம் 20,000 ரூபாய், வீர சக்கரத்துக்கு 7,000, வீரத்துக்கான சேனா மெடலுக்கு 2,000 என்று மத்திய சர்க்கார் உயர்த்தியது. அவன் இறந்தபின் மனைவிக்கும் அது போகும். புஸ்தகத்தில் ஒரு வரி விட்டுப்போவதற்கும், ஒரு கிழவி மாதா மாதம் வாங்கும் அரிசிக்கும் சம்பந்தம் இருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். காகிதத்தில் யார் பேர் விட்டுப்போகிறது என்பது எப்போதும் தற்செயல் அல்ல. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவராயிருந்து பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தலைவரான ராபர்ட்ஸ் துரை, தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை, போர்ஜாதிகள் வடக்கேதான் இருக்கின்றன என்று தீர்மானித்தார். பார்ப்பானுக்கு மூளை, சூத்திரனுக்கு முதுகு என்று சொன்ன மனுவுக்கும் இந்தத் துரைக்கும் நாம் வித்தியாசம் காணவில்லை. சென்னைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டு, 1920களில் கடைசிக் காலாட்படையும் கலைக்கப்பட்டது. பிறகு இரண்டாவது உலக யுத்தம் வந்து ஆள் பஞ்சம் ஏற்பட்டதும், லாயக்கில்லாதவன் லாயக்குள்ளவனாகி, மதராஸ் ரெஜிமெண்டு மறுபடியும் கிளம்பிற்று. இந்தியனுக்கு விக்டோரியா கிராஸ் கொடுக்கலாம் என்று சொல்லவே 1911 வரைக்கும் ஆயிற்று என்பதும் ஞாபகத்தில் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் அந்த நாட்டின் மிகப் பெரிய வீர விருது ஒரு கறுப்பருக்குக்கூடக் கொடுக்கப்படவில்லை. கறுப்பரில் வீரனே இல்லை என்றுதான் அந்த ரிக்கார்டுகளைப் படித்தால் தோன்றும். 1990களில் இராணுவமே ஆராய்ச்சி வைத்துப் பழைய காகிதங்களைப் புரட்டிப் பார்க்கச் செய்தது. 1997 ஜனவரியில் ஏழு கறுப்பு வீரர்களுக்கு அந்த விருது கொடுக்கப்பட்டது. கையை நீட்டி வாங்கிக்கொள்ள அப்போது உயிரோடிருந்தவர் வெர்னான் பேக்கர் ஒருவர்தான். மற்ற ஆறு பேருக்கும் செத்தபின் வந்தது. அதே நாட்டில் 1973 ஜூலையில் செயிண்ட் லூயிஸ் நகரத்து ரிக்கார்டு கட்டிடம் தீப்பிடித்து ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களின் பைல்கள் சாம்பலாயின. எரிந்தது எரிந்ததுதான் என்று கையைக் கழுவிவிடவில்லை. சம்பளச் சீட்டுகளையும் மற்ற ஆபீசுகளிலிருந்த நகல்களையும் தேடிப் பிடித்துச் சர்வீசை மறுபடி எழுதிக் கொடுக்கிறார்கள். ஆகவே 'காகிதம் இல்லை' என்பது ஒரு ஆபீசுக்குக் கடைசிப் பதிலாக இருக்க முடியாது.

இங்கே செய்ய வேண்டியது என்ன? முதலில் டிஸ்சார்ஜ் புஸ்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும். பலர் அதை விபூதிப் பையோடு வைத்துப் பூஜை செய்கிறார்களே தவிரத் திறந்து பார்ப்பதில்லை. பட்டாள நம்பர், யூனிட்டு, சண்டை நடந்த இடத்தில் இருந்த தேதிகள், விட்டுப்போன மெடலின் பேர் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, தன் ரெஜிமெண்டின் ரிக்கார்டு ஆபீசுக்கு மனுப் போட வேண்டும். வீர மெடலாயிருந்தால் அது இந்திய கெஜட்டில் வெளியாகியிருக்கும். அந்தப் பக்கமே சாட்சி. எழுதத் தெரியாவிட்டால் உதகையில் முன்னாள் படைவீரர் நல ஆபீசு இருப்பதே அதற்காகத்தான். பதில் வராவிட்டால் 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், 2007ஆம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட இராணுவத் தீர்ப்பாயத்தின் பெஞ்சு சென்னையில் இருக்கிறது. புருஷன் இறந்துபோயிருந்தால் மனைவி கேட்கலாம்.

ஆதாரம் கேட்கிற நாம் நமக்கும் ஆதாரம் வைத்திருக்க வேண்டும். "எங்கள் பாட்டனார் வெள்ளைக்காரன் கையால் விக்டோரியா கிராஸ் வாங்கினார்" என்று திண்ணையில் சொல்லுவதெல்லாம் காகிதம் இல்லாதவரைக்கும் ஸ்தல புராணம்தான். போகாத சண்டைக்கு மெடல் கேட்பவன், விட்டுப்போன உண்மையான ஆளுடைய மனுவின்மேலும் சந்தேகத்தை உண்டாக்குகிறான்.

காலதாமதம் செய்வதற்கும் இடமில்லை. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களுடைய காகிதங்களை 25 வருஷம் வைத்திருந்து பிறகு அழித்துவிடுவது பட்டாளத்து விதி. 1971ல் இருபது வயதாயிருந்தவர்களுக்கு இப்போது எழுபத்தைந்து ஆகிறது. கூட இருந்தவன் உயிரோடிருக்கும்போதே அவனிடம் சாட்சிக் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகையால் அந்தந்த ஊரில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்த வாலிபத் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கி, பக்கத்து வீட்டுப் பழைய சிப்பாயிடம் போய் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். இரண்டு தேங்காய் வாங்குகிற காசுக்கு இந்த மனுவும் தபால் செலவும் அடங்கிவிடும். தபால் ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் புஸ்தகத்தின் நகலை மட்டுமே அனுப்ப வேண்டும். அசலை எந்த ஆபீசிலும் யார் கேட்டாலும் விட்டுவிட்டு வரக் கூடாது.