ஆற்றை அளவெடுத்துக் கரை கட்டுங்கள்!

டெய்லர் கடையில் ஆளை அளவெடுத்துத்தான் சட்டை தைப்பார்கள். சட்டையைத் தைத்து வைத்துவிட்டு, "இதுக்குத் தக்கபடி உடம்பைக் குறைச்சுக்கோ" என்று எந்த டெய்லரும் சொல்வதில்லை. ஆனால் ஆறு, ஓடை விஷயத்தில் அப்படித்தான் நடக்கிறது!

ஏற்காடு மலை அடிவாரத்தில் இருக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டி. சேர்வராயன் மலையில் பெய்யும் மழை ஓடை ஓடையாக இந்தப் பக்கம் இறங்குகிறது. தலைதெறிக்க ஓடிவரும் தண்ணீர், சமதரைக்கு வந்ததும் வேகம் தணிகிறது. சுமந்து வந்த கல்லையும் மணலையும் போட்டுவிட்டு அகலமாகப் பரவுகிறது. மலை மழை எப்படிப்பட்டது என்பதை 2024 டிசம்பரில் பார்த்தோம். ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையே சரிந்து போக்குவரத்து நின்றது.

சுவர் ஏன் சாய்கிறது?

இப்படிப்பட்ட ஓடையை நெருக்கிச் சுவர் கட்டினால் தண்ணீரின் வேகம் கூடும். அடிமண்ணை அரிக்கும். சுவர் சாயும். சரி, ஒரேயடியாக அகலப்படுத்தினால்? வேகம் செத்து மணல் மேடு தட்டும். அடுத்த வெள்ளம் கரை மேல் ஏறும்.

இது புது சங்கதி அல்ல. 1895-ல் கென்னடி என்ற என்ஜினீயர் பஞ்சாப் கால்வாய்களை அளந்து பார்த்தார். மண் படியாமலும் அரிக்காமலும் ஓட, ஆழத்துக்குத் தகுந்த வேகம் உண்டு என்றார். 1930-ல் லேசி அகலத்துக்கும் கணக்குச் சொன்னார். வண்டல் தரையில் நொடிக்கு 100 கன மீட்டர் தண்ணீர் ஓட, சுமார் 48 மீட்டர் அகலம் வேண்டும். தண்ணீர் 4 மடங்கானால் அகலம் 2 மடங்கு.

மலையடி ஓடைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கல்லும் சரிவும் வேறு. அதனால்தான் அந்தந்த ஓடையை அளக்க வேண்டும் என்கிறோம்.

என்ன செய்யலாம்?

நடுவில் சாதாரண நாள் தண்ணீருக்குச் சிறு வாய்க்கால். இரு பக்கமும் வெள்ளம் பரவ இடம். அதற்கு அப்பால் கரை. வளைவில் வெளிப்பக்கம்தான் அரிக்கும். அங்கே அஸ்திவாரம் ஆழமாகப் போகவேண்டும். வளைவை நிமிர்த்தினால் வேகம் கூடி, கீழே இருப்பவன் தலையில் விடியும்.

சேலம் நகருக்குள் திருமணிமுத்தாற்றை ஒட்டி வீடும் கடையும் வந்துவிட்டன. அங்கே ஆற்றுக்குத் திருப்பித் தர இடம் கொஞ்சம்தான். மலையடியில் அப்படி அல்ல. பிளாட் கல் நடுவதற்கு முன்பே ஓடையின் எல்லையை அளந்து கல் நட வேண்டும்.

மழைக்குப் பின் மணல் மூட்டையோடு ஓடுவதைவிட, மழைக்கு முன் அளவு நாடாவோடு நடப்பது செலவு கம்மி. அதிகாரிகள் நடப்பார்களா?