குரல் இழந்தோர் கூட்டம்

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நன்றியுரை என்றால் நேயர்களுக்கு ஒருவருடைய நினைவுதான் வரும். தலைமையுரையைக் காட்டிலும் நீளமான நன்றியுரை அவருடையது. பந்தல் போட்டவர் முதல் பானகம் கரைத்தவர் வரை ஒருவரையும் விடமாட்டார். அவர் சென்ற ஆண்டு மழைக்காலத்திற்குப் பின் சங்கத்தின் பக்கமே வரவில்லை. விசாரித்தபோதெல்லாம், "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று வீட்டிலிருந்து விடை வந்தது. நாமும் நம்பியிருந்தோம்.

அவர் ஊருக்குப் போகவில்லை. செம்பூரில் தம் வீட்டு உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். குரல்வளையில் புற்றுநோய். "பெயரைப் போட வேண்டாம், மற்றதையெல்லாம் எழுதுங்கள்" என்று இப்போது ஒரு சீட்டில் எழுதி நம்மிடம் கொடுத்திருக்கிறார். பெயரைப் போடாவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும் என்பதை அவர் அறியாதவரல்லர்.

முதலில் குரல் கம்மியது. ஏழு மாத காலம் அதிமதுரமும் மிளகும் பனங்கற்கண்டும் மென்று பார்த்திருக்கிறார். இதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்: மூன்று வாரங்களுக்கு மேல் குரல் கம்மல் நீடித்தால், அதிலும் புகைபிடிப்பவருக்கு நீடித்தால், தொண்டை வைத்தியரிடம் காட்டிவிட வேண்டும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் கதிர்வீச்சினாலோ லேசர் சிகிச்சையினாலோ நோயையும் நீக்கிக் குரலையும் காப்பாற்றப் பெரும்பாலும் முடிகிறது. நம் நண்பர் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார். குரல்வளை முழுவதையும் எடுத்தாக வேண்டும் என்றார் வைத்தியர்.

அவர் மறுத்துவிட்டார். மனைவி அழுதார், மகன் வாதாடினான், வைத்தியர் படம் வரைந்து காட்டினார். "பேச்சுப் போன பிறகு மூச்சு எதற்கு?" என்பதே எல்லோருக்கும் அவர் தந்த விடை. இவ்வாறு மூன்று வாரங்கள் கழிந்தன. அந்த நோய்க்கு மூன்று வாரம் என்பது சிறிய காலமன்று.

அப்போது மருத்துவமனையின் சமூக சேவகி ஒருவர் சொல்லி அனுப்ப, தாராவியிலிருந்து ஒரு மனிதர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சைக்கிளில் இட்லி விற்பவர். வந்து உட்கார்ந்து, கழுத்தில் கட்டியிருந்த கைக்குட்டையைத் தளர்த்தினார். அங்கே காசளவில் ஒரு துவாரம். பிறகு, ஏப்பம் விடுவதுபோன்ற கரகரத்த ஓசையில், ஆனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கும்படி பேசினார்: "அண்ணாச்சி, எனக்கு இது ஆறாவது வருஷம். இன்றைக்கும் நாலு தெரு சுற்றிவிட்டுத்தான் வருகிறேன். ரப்பர் ஹாரனை அமுக்கினால் ஜனங்கள் வருகிறார்கள். கூவவா வேண்டும்?"

நம் நண்பர் அவரிடம் கேட்ட முதற்கேள்வி உயிரைப் பற்றியதன்று. "குளிப்பது எப்படி?" என்பதுதான். அதை அவர் வைத்தியரிடம் கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்ததாம். இட்லிக்காரர் தலையைக் குனிந்து, மார்புக்கு மேல் துண்டைப் பிடித்து, செம்பால் நீர் ஊற்றிக்கொள்ளும் விதத்தை நடித்தே காட்டினார். அடுத்த வாரம் நண்பர் சிகிச்சைக்கு இசைந்தார்.

இந்தச் செய்தியைக் கேட்டபின், அந்த இட்லிக்காரர் சேர்ந்துள்ள குழுவின் கூட்டத்திற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமும் போயிருந்தோம். குரல்வளை நீக்கப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் குழு அது. பெண்கள் இருவர்; மற்றப் பதினைந்து பேரும் ஆண்கள். புகையிலையும் மதுவும் இந்நோய்க்குப் பெருங்காரணங்கள் ஆதலால் இது எங்கும் ஆண்களையே மிகுதியாகப் பற்றுகிறது. நாம் உள்ளே நுழைந்தபோது யாரோ ஏதோ வேடிக்கை சொல்லியிருக்க வேண்டும். பதினைந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அறையில் ஓசையே இல்லை. குரல்வளை போனால் சிரிப்புக்கும் அழுகைக்கும் ஒலி கிடையாது என்பதை அன்றுதான் அறிந்தோம். சிறிது நேரம் நமக்குப் பேச வரவில்லை.

முதன்முதலாகப் புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுதும் நீக்கியவர் வியன்னா நகரத்து பில்ரோத் என்னும் வைத்தியர். ஆண்டு 1873. அவர் இசையில் தேர்ந்தவர், பிராம்ஸ் என்ற இசைமேதையின் நண்பர் என்பது ஒரு விசித்திரம். அவருடைய உதவியாளர் குஸ்ஸன்பவர் நோயாளிக்குச் செயற்கைக் குரல்வளை ஒன்று செய்து கொடுத்தார். ஆக, குரலை எடுத்த கையோடு குரலைத் தரும் முயற்சியும் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் இவ்வாறு குரலிழந்தவர்கள் ஊர்தோறும் மன்றங்கள் அமைத்தார்கள். சில மன்றங்கள் தமக்குத் 'தொலைந்த சுரம்' என்றே பெயரிட்டுக்கொண்டன. 1952இல் அவை ஒரு சர்வதேசச் சங்கமாக இணைந்தன.

இன்று பேசுவதற்கு மூன்று வழிகள் உண்டு. காற்றை உணவுக்குழாயில் இழுத்து வெளிவிட்டுச் சொல்லாக்குவது ஒன்று. இட்லிக்காரர் பேசியது அவ்வாறே. கழுத்தில் வைத்தால் ரீங்கரிக்கும் மின்கருவி மற்றொன்று. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே சிறு வால்வு பொருத்தி, துவாரத்தை விரலால் மூடிப் பேசுவது மூன்றாவது. இதனை 1980இல் அமெரிக்காவில் சிங்கர், பிளோம் என்ற இருவர் வெளியிட்டனர். அயல்நாட்டு வால்வுகள் பல ஆயிரம் ரூபாய் பெறும். பெங்களூரு வைத்தியர் விஷால் ராவ், சுமார் 50 ரூபாயில் அடங்கும் ஒன்றை வடிவமைத்தார்.

இவையெல்லாம் வைத்தியர் சொல்லக்கூடியவை. கூட்டத்தில் நாம் கேட்டவை வேறு. சூடான காப்பியை ஊதி ஆற்ற முடியாது. ஊதும் காற்று வாய்க்கு வராது. பாரம் தூக்கும்போதும் மலம் கழிக்கும்போதும் மூச்சை அடக்க இயலாது. முகச்சவரம் செய்கையில் துவாரத்தை மறைக்காவிட்டால் மயிர் உள்ளே போகும். மூக்கு வடிகட்டாத தூசி நேரே நெஞ்சுக்குள் இறங்கும். எனவே கழுத்தில் எந்நேரமும் ஈரமான மெல்லிய துணி வேண்டும். மின்சார ரயிலில் மயங்கி விழுந்தால், உதவ வருபவர் வழக்கம்போல் மூக்கிலும் வாயிலும் பிராணவாயுவை வைப்பார், பயனிராது. ஆகையால், "இவர் கழுத்தால் மூச்சுவிடுபவர்" என்று எழுதிய சீட்டு எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. வால்வைத் துலக்கும் சிறு தூரிகையைச் சுழற்றும் விதத்தை ஒருவர் மற்றொருவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அப்படிக் காட்டும்போதே, மனைவியின் அருகில் படுக்கக் கூச்சமாக இருக்கிறது என்பதையும் குனிந்த தலையோடு சொல்லிவிட்டார். முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல வராத பேச்சு, கைக்கு ஒரு வேலையிருந்தால் வந்துவிடுகிறது. நம் ஆடவரின் இயல்பு அது.

வேறொன்றும் கவனித்தோம். "சிகரெட் பிடித்தீரா?" என்று அங்கே ஒருவரும் ஒருவரைக் கேட்பதில்லை. வெளியில் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். நம் நண்பர் கதவைச் சாத்திக்கொண்டதற்குப் பாதிக் காரணம் அக்கேள்வி என்று எழுதிக் காட்டினார். நாமும் அவரிடம் அதைக் கேட்டவர்களில் ஒருவர்தாம்.

குறையும் இல்லாமலில்லை. சிகிச்சையே வேண்டாம், ஒரு வேரைக் கரைத்துக் குடித்தால் போதும் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்திருந்தார். குழுவின் மூத்தவர் அவரைக் கையைப் பிடித்து வாயில்வரை கொண்டுபோய் விட்டார். அனுபவத்தைச் சொல்லலாம், மருந்து சொல்லக்கூடாது என்பது அங்கே விதி. நல்ல விதி.

மற்றொரு குறை மொழி. பரேலில் 1941ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனையை நாடி நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். தமிழரும் அவர்களில் உண்டு. நாம் சென்ற கூட்டமோ இந்தியிலும் மராத்தியிலும் நடக்கிறது. முப்பதாண்டு இந்நகரில் வாழ்ந்து, காரியாலயத்தில் இந்தி பேசியவருக்கும், அச்சம் வரும்போது தாய்மொழிதான் வருகிறது. அதுவும் புதிதாகப் பேசப் பழகுகிறவர், நாவில் ஊறிய சொற்களைக் கொண்டல்லவா தொடங்க வேண்டும்? நம் நண்பர் முதலில் உச்சரித்த சொல் 'அப்பா' என்பது. உதடுகள் சேர்ந்து பிரியும் எழுத்து எளிதில் வருமாம்.

ஆகவே சங்கத்தின் சிறிய அறையை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், தமிழ் பேசும் இத்தகைய அன்பர்களுக்கு விடுவதென்று செயற்குழு இசைந்துள்ளது. குரல்வளை என்றில்லை, வாய்ப்புற்று, பிராஸ்டேட் சுரப்பியில் புற்று என எதுவாயினும் ஆண்கள் வரலாம். சிகிச்சை முடிந்து நலமாயிருப்பவர்கள், சிகிச்சைக்குமுன் அஞ்சியிருப்பவர் ஒருவரைச் சென்று காண இசைந்தால், செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். பெயர்கள் இப்பத்திரிகையில் வெளிவரா. இட்லிக்காரர் முதல் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். சிற்றுண்டி அவருடையதே, விலைக்குத்தான்.

நம் நண்பர் இப்போது வாயை மூடியபடியே கொட்டாவி விடுவதுபோல் தாடையை இறக்கி, மூக்கிற்குள் காற்றை வரவழைக்கும் பயிற்சி செய்துவருகிறார். அவ்வாறு செய்தால் வாசனை மீண்டும் தெரியும். சென்ற வாரம் காப்பியின் மணம் தெரிந்ததாம். வரும் ஆண்டு விழாவில் நன்றியுரைக்கு அவருக்கு மூன்று நிமிடம் ஒதுக்கியிருக்கிறார் செயலாளர். ஐந்து வேண்டும் என்று கேட்டுச் சீட்டு வந்திருக்கிறது.