வெட்டிய மரம் குப்பைக்குப் போகலாமா?

பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் காஞ்சிபுரத்துத் தெருக்களில் கிளைகள் விழுந்து கிடக்கும். வேம்பு, புங்கன், பாதாம், தூங்குமூஞ்சி என்று கம்பியை உரசிய எல்லாவற்றையும் மின்வாரிய ஊழியர்கள் கழித்துப் போட்டிருப்பார்கள். கம்பி பிழைத்ததோடு அவர்கள் வேலை முடிகிறது. அள்ளுவது மாநகராட்சியின் பொறுப்பு. இலை வாடும்வரை தெருவோரம் கிடக்கும் கிளைகள் பிறகு குப்பை வண்டியில் ஏறுகின்றன. வண்டி வருவதற்குள் யாராவது தீ வைத்துவிடுவதும் உண்டு. அதே நாளில், நாலு தெரு தள்ளி, பிள்ளையார்பாளையம் பக்கத்துச் சாயப்பட்டறைக்காரர் விறகுத்தொட்டியில் எடை போட்டுக் காசு கொடுத்துக் கட்டை வாங்கிக்கொண்டிருப்பார்.

இந்த இரண்டையும் இணைக்க ஊரில் ஓர் ஏற்பாடு இல்லை. மாநகராட்சி நினைத்தால் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

காஞ்சிப் பட்டு என்றால் எல்லோரும் தறியைப் பேசுகிறார்கள், கோர்வையைப் பேசுகிறார்கள், சரிகையைப் பேசுகிறார்கள். அடுப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெங்களூரு பக்கமிருந்து வரும் கச்சாப் பட்டு நூல் விறைப்பாக, மங்கலாக இருக்கும். செரிசின் என்ற இயற்கைப் பசை அதன்மேல் படிந்திருப்பதுதான் காரணம். நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அந்தப் பசைதான். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்தால்தான் அது கரைந்து போகும், உள்ளே இருக்கும் பளபளப்பு வெளியே வரும். அதன் பிறகு சாயம். தொட்டி நீர் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். கம்பில் மாட்டிய நூலைக் கையால் புரட்டிப் புரட்டி முக்கி எடுக்க வேண்டும். நடுவில் சூடு இறங்கினால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அந்த நூலை நெய்தால் சேலையின் உடல் முழுக்கக் கறை விழுந்ததுபோலத் தெரியும். ஆகவே சாயக்காரருக்குத் தேவை, பொசுக்கென்று பற்றி அடங்கிவிடும் சுள்ளி இல்லை. நின்று எரியும், நன்றாகக் காய்ந்த கட்டை. வசதி உள்ளவர்கள் நீராவிக் கொதிகலனுக்கோ எரிவாயுவுக்கோ மாறிக்கொள்ளலாம். சின்னப் பட்டறைகளுக்கு இன்றும் விறகுதான் கைகொடுக்கிறது.

சாயத்தோடு முடிவதில்லை. வரதராஜப் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைக்கும் இட்லிக்கு விறகடுப்பின் நிதானமான சூடு வேண்டும். கல்யாணச் சமையல்காரர்களின் கோட்டை அடுப்பு, சிறு உணவுக்கடைகள், சுடுகாடு என்று விறகு வாங்கும் கைகள் இந்த ஊரில் பல.

விறகுக்கு இந்தப் பகுதி பட்ட பாடு கொஞ்சமல்ல. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்து ரயில் எஞ்சின்கள் விறகைத் தின்று ஓடியவை. காடுகள் மெலிந்தன. சென்னையை ஒட்டிய கடற்கரை மணலில் எரிபொருளுக்கென்றே சவுக்குத் தோப்புகள் போடப்பட்டன. அதுவும் போதாமல் 1870களில் சென்னை மாகாண வனத்துறை ஜமைக்காவிலிருந்து ஒரு முள்மரத்தின் விதையை வரவழைத்துக் கடப்பையில் விதைத்தது. அதைத்தான் இந்தப் பக்கத்துக்காரர்கள் வேலிக்காத்தான் என்கிறார்கள், தெற்கே சீமைக்கருவேலம் என்கிறார்கள். ஏரி, ஓடை எல்லாவற்றிலும் புகுந்துவிட்ட அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருக்கிறது. விறகுக்காகக் கடல் கடந்து விதை தேடிய ஒரு நிலம், வெட்டிய வேப்பங்கிளையைக் குப்பையில் கொட்டுவது வேதனையான விஷயம்.

வெட்டப்படும் மரத்தின் கணக்கு வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொல்லையில் நிற்பது தேக்கோ பலாவோ முற்றிய வேம்போ என்றால் மரம் வெட்டுபவர் பணம் கொடுத்து எடுத்துப் போவார். நெட்டிலிங்கமோ தூங்குமூஞ்சியோ என்றால் வீட்டுக்காரர் பணம் கொடுக்க வேண்டும். பலகைக்கு ஆகாத மரத்தை ஏற்றி, கொண்டுபோய்க் கொட்ட இடம் தேடுவதே பெரிய செலவு. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, அரசு ஒரு மரத்துக்கு அறிவித்த 1,100 ரூபாயில் 500 ரூபாய், விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்துவதற்கு மட்டும். விழுந்த மரம் விவசாயிக்கு இழப்பு மட்டுமில்லை, சுமையும் கூட என்பதை அரசே ஒப்புக்கொண்ட கணக்கு அது.

அமெரிக்காவில் இந்தச் சுமையையே வழியாக்கிக்கொண்டார்கள். அங்கே மரம் வெட்டும் நிறுவனங்கள் கழிவைக் கிடங்கில் கொட்டக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டையை வேண்டுபவர் வாசலில் இறக்கிவிட்டால் அந்தப் பணமும் டீசலும் மிச்சம். ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் தொடங்கிய சிப்டிராப் என்ற சேவை, கட்டையும் மரச்சீவலும் வேண்டுபவர்களையும் மரம் வெட்டுபவர்களையும் சேர்த்துவைக்கிறது. பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. யாருக்கு வேண்டும், எங்கே இறக்கலாம் என்ற விவரம் இருந்தால் போதும்.

நம் ஊரில் அரசு நிலத்து மரம் வேறு விதி கொண்டது. 2021 முதல் அதை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். ஒன்றை வெட்டினால் பத்து நட வேண்டும். அடிமரம் மதிப்பிடப்பட்டு ஏலத்துக்குப் போகும். செங்கல்பட்டு–காஞ்சிபுரம் சாலையை அகலப்படுத்தியதுபோன்ற பெரிய வேலைகளில் புளியமரங்களுக்கு ஏலத்தில் ஆள் கிடைப்பார்கள். அந்த ஏலப் பணம் அரசுக்குப் போவதில் தவறில்லை. இங்கே கேட்பது, ஏலம் எடுக்க ஆள் வராத கட்டைகளையும் கழித்த கிளைகளையும் பற்றி மட்டும். அரசு அலுவலக வளாகங்களில் மழையில் நனைந்து கறையான் ஏறிக் கிடக்கும் கட்டைகளால் யாருக்கு என்ன லாபம்?

2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் கரை கடந்தபோது அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் இப்படி ஓர் ஏற்பாடு இல்லாததைக் கண்கூடாகப் பார்த்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வாரக்கணக்கில் பூங்கா மூடிக் கிடந்தது. சாலையைத் திறப்பதே பெரும்பாடாக இருந்த நாட்களில் கட்டை எங்கே போகிறது என்று யோசிக்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்? அதற்கான இடமும் முறையும் புயலுக்கு முன்பே இருக்க வேண்டும்.

மாநகராட்சி ஒரு விறகுக் களம் அமைத்து, இந்தக் கட்டைகளைச் சேர்த்துக் காயவைத்து, வேண்டுபவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கலாம். கூரை உள்ள, தரை உயர்ந்த, காற்றோட்டமான கொட்டகை ஒன்று போதும். கூரையை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பச்சைக் கட்டையின் எடையில் பாதிவரை தண்ணீர். அதை அடுப்பில் வைத்தால் நெருப்பின் உழைப்பில் ஒரு பங்கு தண்ணீரை விரட்டவே போய்விடும், புகையும் அதிகம். பிளந்து அடுக்கிக் காயவைத்து ஈரத்தை 20 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவந்தால், ஒரு கிலோ காய்ந்த கட்டை, ஒரு கிலோ பச்சைக் கட்டையைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் வெப்பம் தரும். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தோட்டக் கழிவைத் தனியே சேர்க்கச் சொல்லியிருந்தன. அதே ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. சட்டம் கேட்பதைத்தான் இந்தக் களம் செய்யப் போகிறது.

இலவசம் என்றால் மரத்தை வெட்டத் தூண்டுவதாகாதா என்று கேட்பார்கள். நியாயமான பயம். அனுமதி எண் இல்லாத கட்டை களத்துக்குள் நுழையக் கூடாது, வந்ததும் போனதும் பதிவேட்டில் இருக்க வேண்டும். புகையைப் பற்றிய கேள்வி இன்னும் கனமானது. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் உலகில் ஆண்டுக்கு 32 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கு. ஆகவே இந்தக் கட்டை வீட்டு அடுப்புக்குப் போகக் கூடாது. எரிவாயுவுக்கு மாறிய பெண்களைத் திரும்பவும் ஊதுகுழலிடம் அனுப்புவது அநியாயம். ஏற்கெனவே விறகு எரிக்கும் பட்டறைக்கும் மடப்பள்ளிக்கும் சுடுகாட்டுக்கும் மட்டும் கொடுக்க வேண்டும். பட்டறையில் புகைபோக்கி உள்ள அடுப்பு இருப்பதை நிபந்தனையாகவே வைக்கலாம். அடுப்பு கட்டக் கூட்டுறவுச் சங்கங்கள் கடன் கொடுத்தால் சாயக்காரரின் நெஞ்சும் பிழைக்கும்.

களத்தில் நிற்பவருக்கு மரம் தெரிந்திருக்க வேண்டும். புளி, வேலிக்காத்தான், புங்கன் நின்று எரியும். முருங்கை மென்மையான மரம், எரிந்ததும் தெரியாது. அரளியைச் சேர்க்கவே கூடாது, கட்டையிலும் நஞ்சு உண்டு. வண்ணம் பூசிய பலகையும் ஆணி அடித்த சட்டமும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு மின்வாரியம் கிளை கழிக்கும் வேலையைத் தீவிரப்படுத்தும். அந்தக் கட்டைகளை வாங்கிவைக்க, இந்த ஆண்டு செப்டம்பருக்குள் ஒரு கொட்டகையும் ஒரு பதிவேடும் தயாராக இருக்க வேண்டும்.