பழம்பகை என்னும் பொய்

இரண்டு சமூகங்கள் மோதும்போதெல்லாம் அறிஞர் சிலர் விரைந்து வந்து கூறும் விளக்கம் ஒன்றுண்டு. "அது பழம்பகை, இரத்தத்தில் ஊறியது" என்பர். மலைக் கரபாக் என்னும் சிறு நிலப்பகுதி பற்றி ஆர்மேனியருக்கும் அசர்பைஜானியருக்கும் இடையே எழுந்த பிணக்கிற்கும் இவ்விளக்கமே தரப்படுகிறது. ஒரு சாரார் கிறிஸ்தவர், மறுசாரார் முஸ்லிம்கள். ஆகவே பகை இயற்கை என்பது இவர்கள் தருக்கம். நாம் இதனை மறுக்கிறோம். பழம்பகை என்பது விளக்கமன்று. குற்றவாளிகளைத் தப்பவிடும் தந்திரம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாணர் சயாத் நோவா ஓர் ஆர்மேனியர். அவர் ஆர்மேனிய மொழியிலும் ஜோர்ஜிய மொழியிலும் பாடினார். ஆயினும் அவர் பாடல்களிற் பெரும்பாலானவை அசர்பைஜானியத் துருக்கியில் அமைந்தவை. பகைவனின் மொழியில் எந்தப் பாணன் காதலைப் பாடுவான்?

பகையின் பிறப்பிடத்தை அறிய வேண்டுமாயின் எண்ணெய்க் கிணறுகளை நோக்குதல் வேண்டும். 1813 ஆம் ஆண்டின் குலிஸ்தான் உடன்படிக்கையால் கரபாக்கும், 1828 ஆம் ஆண்டின் துருக்மென்சாய் உடன்படிக்கையால் எரவானும் ஜார் மன்னனின் கையில் வீழ்ந்தன. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது உலக எண்ணெயில் ஏறக்குறைய அரைப்பங்கு பாகூ நகரத்திலிருந்து கிடைத்தது. அங்கே தேர்ச்சி வேண்டிய வேலைகளில் ருஷ்யரும் ஆர்மேனியரும் மிகுந்திருந்தனர். கடைநிலைக் கூலி வேலை முஸ்லிம் தொழிலாளரின் தலையில் விழுந்தது. வர்க்க வேறுபாடு இன வேறுபாட்டின் உடையை அணிந்துகொண்டது.

எனினும் 1904 டிசம்பரில் பல இனத் தொழிலாளரும் பங்குகொண்ட பொது வேலைநிறுத்தம், ருஷ்யப் பேரரசிலேயே முதலாவது கூட்டு ஒப்பந்தத்தை முதலாளிகளிடமிருந்து வென்றெடுத்தது. இரண்டே மாதங்களின் பின், 1905 பெப்ரவரியில், அதே நகரத்து வீதிகளில் ஆர்மேனியரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் வெட்டி மாய்ந்தனர். வேலைநிறுத்தங்களை அடக்குவதில் வல்லதான ஜார் அரசின் காவற்படை, இக்கொலைகளைத் தடுக்கவில்லை. 1918 மார்ச்சில் அந்நகரில் ஆயிரக்கணக்கான முஸ்லிம்களும், செப்டெம்பரில் ஆயிரக்கணக்கான ஆர்மேனியரும் கொல்லப்பட்டனர். இரு சாராரும் தத்தம் பிணங்களை மட்டும் எண்ணக் கற்றனர்.

இவ்விடத்தில் முற்போக்காளர் சிலர் குறுக்கிட்டு, "சோவியத்து ஆட்சி இப்பகையைத் தீர்த்தது, அவ்வாட்சி குலைந்ததே கேட்டுக்குக் காரணம்" என்பர். இதனையும் நாம் ஏற்பதற்கில்லை. 1921 ஜூலை 4 ஆந் திகதி கட்சியின் கோக்கேசியப் பணியகம் கரபாக்கை ஆர்மேனியாவுடன் சேர்ப்பதெனத் தீர்மானித்தது. மறுநாளே அம்முடிவை மாற்றி, பரந்த சுயாட்சியுடன் அசர்பைஜானுக்குள் வைப்பதெனத் தீர்த்தது. இன அமைதியும் பொருளாதாரத் தொடர்பும் காரணங்களாகக் காட்டப்பட்டன. அங்கு பெரும்பான்மையினராக வாழ்ந்த ஆர்மேனியரையோ, அவர்களுடன் வாழ்ந்த அசர்பைஜானியரையோ எவரும் கேட்கவில்லை. 1923 இல் சுயாட்சி மாகாணம் அமைந்தது. சகோதரத்துவம் என்னும் சுலோகத்தின் கீழ்ப் பிரச்சினை புதைக்கப்பட்டது. புதைத்தல் வேறு, தீர்த்தல் வேறு.

புதைந்தது 1988 இல் வெளிக்கிளம்பியது. பெப்ரவரியில் மாகாண சோவியத்து ஆர்மேனியாவுடன் இணையக் கோரியது. சில நாட்களுள் சும்காயித் என்னும் தொழிலாளர் நகரத்தில், உத்தியோகபூர்வக் கணக்கின்படியே, 26 ஆர்மேனியர் கொல்லப்பட்டனர். ஆர்மேனியாவில் வாழ்ந்த அசர்பைஜானியர் ஏறக்குறைய அனைவரும் அடுத்து வந்த ஆண்டுகளில் வெளியேற நேர்ந்தது. 1992 இல் கோஜாலியில் நூற்றுக்கணக்கான அசர்பைஜானியப் பொதுமக்கள் மாண்டனர். 1994 இல் போர் ஓய்ந்தபோது, கரபாக்கைச் சூழ்ந்த மாவட்டங்களின் அசர்பைஜானியர் இலட்சக்கணக்கில் அகதிகளாயிருந்தனர். 2020 இல் மீண்டும் போர். 2023 செப்டெம்பரில் ஓரிரு வாரங்களுள் ஓர் இலட்சத்துக்கும் அதிகமான ஆர்மேனியர் கரபாக்கை விட்டு ஓடினர்.

இலாபம் எவருக்கு? கரபாக்கிலிருந்து எழுந்த தலைவர் இருவர் 1998 முதல் 2018 வரை ஆர்மேனியாவின் ஜனாதிபதிகளாயினர். அசர்பைஜானில் 2003 இல் தந்தையின் ஆசனத்தில் மகன் அமர்ந்தார். தாய்மாருக்குக் கிடைத்தவை புதைகுழிகள்.

ஆனால் மக்கள் வேறொன்றும் செய்து காட்டினர். 1989 இல் அசர்பைஜானிலிருந்த ஆர்மேனியக் கிராமமாகிய கெர்கென்ஜும், ஆர்மேனியாவிலிருந்த அசர்பைஜானியக் கிராமமாகிய கிசில் ஷபாகும் தமக்குள் பேசி ஊர்களையே மாற்றிக்கொண்டன. ஒருவர் விட்டுச் செல்லும் கல்லறைகளை மற்றவர் காப்பதென வாக்களித்தனர். இரத்தத்தில் ஊறிய பகையாயின் இவ்வாக்கு பிறந்திருக்குமா?

2025 ஆகஸ்டில் வாஷிங்டனில் இரு நாட்டு வெளிநாட்டமைச்சர்களும் சமாதான உடன்படிக்கையின் வாசகத்திற் சுருக்கொப்பமிட்டனர். நாம் அதனை வரவேற்கிறோம். எனினும், ஓடியவர் திரும்பும் உரிமையும், இரு சாராரின் பிணங்களையும் ஒரே ஏட்டில் எழுதும் துணிவும் இல்லாத சமாதானம் இன்னுமொரு புதைப்பேயாகும். வரலாறு போதிக்கும் ஆசிரியர்களே, அதைக் கற்கும் மாணவர்களே! பழம்பகை என்னும் சொல் பாடநூலில் எதிர்ப்படும்போது அதனைக் கடந்து செல்லாதீர்கள். எந்த ஆண்டிலிருந்து, எவர் கையால், எவர் நலனுக்காக என்று கேளுங்கள். மனிதர் உண்டாக்கிய பகையை மனிதரே ஒழிக்கலாம்.