35 முறை அழித்த சான்றிதழ்

தரவு அழிப்புச் சான்றிதழ்களில் ‘ஏழு முறை மேலெழுதப்பட்டது’, ‘35 முறை மேலெழுதப்பட்டது’ என்ற வரி இன்றும் இடம்பிடிக்கிறது. எண் பெரிதாக இருந்தால் வாடிக்கையாளருக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்கு ஆதாரம் உண்டா என்று பார்ப்பது சான்றிதழ் தரும் நம் பொறுப்பு.

35 என்பது பீட்டர் குட்மன் 1996இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வந்த எண். அக்காலத்து டிஸ்க்குகள் கையாண்ட வெவ்வேறு குறியீட்டு முறைகள் அனைத்துக்கும் சேர்த்து அவர் போட்ட பட்டியல் அது. ஒரே டிஸ்க்குக்கு 35ம் தேவையில்லை என்று அவரே பின்னர் எழுதிவிட்டார். இன்றைய காந்த ஹார்டு டிஸ்க்கில் முழுப் பரப்பையும் ஒருமுறை பூஜ்யத்தால் நிரப்பினாலே, ஆய்வகத்தில் வைத்தும் பழைய தரவை மீட்பது அரிது. நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 2 டிபி டிரைவை ஒருமுறை நிரப்ப ஐந்தரை மணி நேரம் ஆகும். 35 முறை என்றால் எட்டு நாள். அந்த எட்டு நாளிலும் நம் கவனத்துக்கு வராமல் போவது டிரைவின் பெட்டிக்குள் இருக்கிறது.

எக்ஸ்டர்னல் டிரைவில் டிஸ்க்குக்கும் யுஎஸ்பி வயருக்கும் நடுவே ஒரு பிரிட்ஜ் சிப் உட்கார்ந்திருக்கிறது. டிஸ்க்கின் ஃபார்ம்வேரே தன்னை அழித்துக்கொள்ளும் ‘செக்யூர் எரேஸ்’ கட்டளையைப் பல சிப்கள் உள்ளே விடுவதில்லை. பழுதானவை என்று ஃபார்ம்வேர் ஒதுக்கி வைத்த செக்டர்களை மேலெழுதும் மென்பொருளால் தொடவே முடியாது. பெட்டியைக் கழற்றி, டிஸ்க்கை நேரடியாக சாட்டா போர்ட்டில் மாட்டினால்தான் அந்தக் கட்டளை சிப்பில் தடைபடாமல் போய்ச் சேரும். சில கையடக்க டிரைவ்களில் யுஎஸ்பி போர்ட்டே டிஸ்க்கின் போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே அதற்கும் வழியில்லை.

எஸ்எஸ்டியில் சிக்கல் இன்னும் ஆழம். நாம் எழுதச் சொல்லும் இடத்தில் அது எழுதுவதில்லை. தேய்மானத்தைச் சமன் செய்ய வேறு இடத்தில் எழுதிவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவைக்கும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள் 2011இல் சோதித்த எஸ்எஸ்டிகளில் ஒன்று, அழித்துவிட்டதாகப் பதில் சொன்னது. தரவு முழுவதும் உள்ளேயே இருந்தது. படித்துப் பார்த்தால் பூஜ்யம் தெரிகிறதே என்றும் சமாதானம் அடைய முடியாது. ‘டிரிம்’ கட்டளையால் காலி என்று குறித்த இடத்தைப் பல கன்ட்ரோலர்கள் பூஜ்யமாகக் காட்டும். சிப்பில் தரவு மிச்சம் இருக்கலாம்.

இதனால் யாருக்கு என்ன கேடு? 2003இல் வெளியான ஓர் ஆய்வுக்காக கார்ஃபிங்கல், ஷெலாட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பழைய சந்தையில் வாங்கிய 158 ஹார்டு டிஸ்க்குகளில் 129 இயங்கின. அவற்றில் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மார்கன் ஸ்டான்லி நிதி நிறுவனம் தன் பழைய டிஸ்க்குகளை அழிக்கும் வேலையை அனுபவமில்லாத ஓர் இடமாற்ற நிறுவனத்திடம் கொடுத்தது. டிஸ்க்குகள் தரவோடு ஏலத்துக்குப் போயின. அதற்காக மார்கன் ஸ்டான்லி 2022இல் 3.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. நம் நாட்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 தரவைக் காக்கத் தவறியதற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது.

ஆகவே, சான்றிதழில் எத்தனை முறை என்ற வரியை எடுத்துவிடுங்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணோடு உள்ளே இருக்கும் டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் எழுதுங்கள். எந்தக் கட்டளை, எந்தப் போர்ட் வழியாக என்பதையும், மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி மாட்டிய பின் எந்தெந்த செக்டர்களைப் படித்துப் பார்த்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். புதிய டிரைவ் வாங்குகிறவரிடம், முதல் கோப்பைப் போடும் முன்பே முழு டிரைவையும் என்கிரிப்ட் செய்யச் சொல்லுங்கள். பின்னாளில் சாவியை அழித்தால் பெரும்பாலான வேலை முடிந்தது. என்கிரிப்ட் செய்யாத பென்டிரைவில் நோயாளிகளின் விவரமோ வங்கிக் கணக்கோ இருந்திருந்தால் சான்றிதழ் தராதீர்கள். மெமரி சிப்பைத் தூளாக்குவது ஒன்றே அதற்கு வழி என்று வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.